யன்னலில்லாத அறைகளைப் பற்றிப் படித்த குளிர்காலம்

முதலில் வந்தது இருமல்தான். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு மாலைநேர வரலாற்று வகுப்பு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்காவைப் பற்றிய பந்தி ஒன்றை வாசிக்கும்படி ஆசிரியை என்னைக் கேட்டார். சில வரிகளுக்குள் இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த பெண் மிச்சத்தை வாசித்து முடித்தார்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பகலில் ஒரு தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்குக் கை பொருத்துவேன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்டுவந்த படிப்பைத் தொடர ஆசை. மாலையில் இடமிருந்தது இந்த ஒரு பாடத்துக்கு மட்டும்தான். அமெரிக்காவுக்கும் எனக்கும் என்ன உறவு என்று நினைத்தபடியேதான் சேர்ந்தேன். கப்பலில் வந்திறங்கிய ஏழைகள், அவர்களுக்கு வேலை கொடுத்த தையல் கூடங்கள், ஊசியைக் கீழே வைத்து வேலைநிறுத்தம் செய்த பெண்கள், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் என்று பாடம் போகப்போக, புத்தகத்தை பஸ்ஸிலும் விரித்து வைத்துக்கொண்டேன்.

இருமலுக்குத் துணித் தூசிதான் காரணம் என்று நினைத்தேன். பிறகு இரவில் உடுப்பு நனையும்படி வியர்த்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் சளியில் இரத்தம் நூல்போல வந்தபோதுதான் பயந்தேன். மருத்துவமனையில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.

"உங்களுக்கு டி.பி." என்றார் டாக்டர். காசநோய் (கிருமியால் வரும் தொற்றுநோய், பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும்). எங்கள் ஊரில் கசம் என்போம். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம்.

"குணமாகுமா?"

"முழுமையாக. ஆனால் நான் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது."

என்னைத் தனி அறையில் வைத்தார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். என் கணவர் ராசன் முந்திக்கொண்டு, "நாங்கள் ரெண்டு பேர்தான்" என்றார்.

அது பொய். மேல்மாடியில் சாந்தியும் அவள் கணவனும் கைக்குழந்தையும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குசினி, ஒரே அடுப்பு. குளிருக்காக யன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்து வைத்திருந்தோம்.

நர்ஸ் போனபின் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"தெரிஞ்சால் வீட்டுக்காரன் எழும்பச் சொல்லுவான். பிறகு எங்கை போறது? ஒரு கலியாண வீட்டுக்குக்கூட எங்களைக் கூப்பிடமாட்டினம். நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

அவர் கெட்டவர் அல்ல. பயந்திருந்தார்.

நான் கேட்டபடி அடுத்த நாள் வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். நியூயோர்க் நகரத்துக் குடியிருப்புகளைப் பற்றிய அத்தியாயத்தில் நின்றிருந்தேன். யன்னலே இல்லாத உள்ளறைகள். அவற்றுக்குள் குடும்பமாக இருந்து துணி தைத்தவர்கள், இருமியவர்கள், வேலையும் அறையும் போய்விடுமென்று நோயை மறைத்தவர்கள். கதவு கதவாகத் தட்டிப் போன தாதிகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு யன்னல் வேண்டுமென்று சட்டம் கேட்டுப் போராடியவர்கள். அதை எதிர்த்த வீட்டுச் சொந்தக்காரர்கள். மறைத்தவர்களின் பயம் எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் அந்த அறைகளில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

காலையில், சில்லு வைத்த தொலைபேசியை என் அறைக்குத் தள்ளிவரச் சொன்னேன்.

"சாந்தி, வசந்தியக்கா கதைக்கிறன். எனக்குக் கசமாம்."

"நீங்கள் பிள்ளையைத் தூக்கி வைச்சிருந்தனீங்கள் எல்லே?"

"ஓம். அதுதான் சொல்லுறன். நர்ஸ் வருவா. மூண்டு பேரையும் பாக்கச் சொல்லுங்கோ."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ராசன் வந்ததும் சொன்னேன். "சரி. இனி நடக்கிறது நடக்கட்டும்" என்றார். போகும்போது, மேல்மாடிக்காரரின் பெயர்களை அவரே நர்ஸிடம் சொன்னார்.

சாந்தி வீட்டில் மூவருக்கும் ஒன்றுமில்லை. ராசனுக்குக் கையில் ஊசி குத்திய இடம் தடித்துவிட்டது (கிருமி உடலுக்குள் இருக்கிறதா என்று தோலில் பார்க்கும் சோதனை). கிருமி உறங்குகிறது, நோய் இல்லை என்றார் டாக்டர். எழும்பாமலிருக்க அவருக்கும் மாத்திரை கொடுத்தார். "பிந்தி வந்த சீதனம்" என்று ராசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அறையில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்காரன் எங்களை எழும்பச் சொல்லவில்லை. தொற்றாது என்று டாக்டர் உறுதி சொன்னபின் வீடு திரும்பினேன். யன்னல்களில் டேப்பை யாரோ உரித்திருந்தார்கள். சாந்தி மட்டும் முகம் கொடுக்கவில்லை. நான் குசினிக்குள் போனால் அவள் வெளியேறிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையோடு அடுப்படியில் நின்றவள் திரும்பி, "அக்கா, இவனைக் கொஞ்சம் பிடியுங்கோ, கறி அடிப்பிடிக்குது" என்று என் கையில் தந்தாள்.

இதே மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். பயப்பட வேண்டாம். கண்ணீருக்கும் அந்த நிறம் வரும். எனக்கு அது தெரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான்.

மாத்திரை எடுத்துக்கொண்டே பரீட்சை எழுதினேன். நகரச் சீர்திருத்தம் பற்றிய கேள்விக்கு மேலதிகமாகத் தாள் கேட்டு வாங்கினேன். சித்தியடைந்தேன்.

கடைசியாக எடுத்த படத்தில் வலது நுரையீரலின் மேற்புறத்தில் சின்ன வெள்ளைத் தழும்பு தெரிந்தது.

"இது போகாதா?"

"போகாது. உங்களை ஒன்றும் செய்யாது."

அந்தக் கோடையில் கவுன்சில் நீச்சல் குளத்தில், பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முன்பெல்லாம் எனக்கு நேரம் என்பது ஷிப்ட் முடிவதும் பஸ் வருவதும்தான். இப்போது தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தி மூச்சைப் பிடிக்கிறேன். நெஞ்சுக்கூடு நிறைந்து, அசையாமல், முழுக்க எனக்கே சொந்தமாக இருக்கிறது. பயிற்சியாளர் கரையில் நின்று மேலே வரச் சொல்லிக் கை காட்டுவார். இன்னும் மூச்சு மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கொஞ்சம் உள்ளேயே இருப்பேன்.