பென்ரோஸ் தோட்டத்து மௌனக் கூட்டம்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நட்டமில்லை. திண்டிவனத்தில், 1943-ம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில் எனக்கு நடந்தது இது. இருட்டில் நடந்திருந்தால் நானே கனவு என்று தள்ளியிருப்பேன்.

பென்ரோஸ் தோட்டம் என்றால் அப்போது ஊரில் தெரியாதவர் இல்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மூன்று தலைமுறையாக எங்கெங்கிருந்தோ மரங்களைக் கொண்டுவந்து நட்ட இடம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். பாதிரியார், பாட்டு எதுவும் கிடையாது. ஞாயிறு காலையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் பெஞ்சு போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மனசில் உண்மை உறுத்துகிறவர் மட்டும் எழுந்து நின்று அதைச் சொல்லலாம். கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்கினால் கூட்டம் முடிந்தது. சத்தியம் செய்வதும் அவர்களுக்கு ஆகாது. எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குச் சத்தியம் எதற்கு என்பார்கள்.

கடைசித் துரைசாணி கண்ணை மூடும்போது தோட்டத்தை ஊருக்கு எழுதிவைத்தாள். ஜனங்கள் வந்து போகும் பூங்கா ஆயிற்று. மரங்களுக்குப் பெயர்த் தகடு எழுதி மாட்டுவது என் வேலை. தோட்டக்காரர் தாண்டவராயன் அந்தக் குடும்பத்தோடு வளர்ந்தவர். மண்வெட்டி பட்டு அவர் கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். ஆனால் ஞாயிறு தவறாமல் அந்தப் பெஞ்சில் உட்காருவார், துணைக்கு என்னையும் உட்கார வைப்பார். எனக்குத் தூக்கம்தான் வரும்.

யுத்த காலம். மரத்துக்குக் கண்டபடி விலை. ஒரு நாள் விடிந்தபோது மகோகனி மரம் ஒன்றைக் காணோம், அடிக்கட்டைதான் இருந்தது. ராத்திரியில் வெட்டி வண்டியேற்றியவர் தோட்டத்துச் சூப்பர்வைசர் கோதண்டபாணி. தோட்டத்திலேயே இருந்த என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரோ பழியைத் தாண்டவராயன் மேல் போட்டு, ஊர்க்காரர்களையும் கூட்டிவிட்டார்.

"கற்பூரம் ஏத்தி அணைச்சி, நான் வெட்டலன்னு சத்தியம் பண்ணுடா. வுட்டுர்றோம்."

"வெட்டலீங்க. சத்தியம் மட்டும் பண்ண மாட்டேங்க," என்றார் தாண்டவராயன்.

ஊருக்கு அது போதும். சத்தியத்துக்குப் பயந்தவன் திருடன்தானே! அவர் என்னைப் பார்த்தார். சொன்னால் என் வேலை போய்விடும். தகட்டில் பெயிண்டைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். சனிக்கிழமை அவரை லாக்கப்பில் அடைத்தார்கள். திங்கட்கிழமை விழுப்புரம் கோர்ட். அதற்குள் நான் வாயைத் திறந்தால் அவர் தப்புவார்.

ஞாயிறு காலை, எட்டு மணி...

தூங்குமூஞ்சி மரத்தடி பெருக்கியிருந்தது. மண்ணில் துடைப்பக் கோடுகள், அரைவட்டம் அரைவட்டமாக. தாண்டவராயன் பெருக்குவது அப்படித்தான். அவர் லாக்கப்பில் இருக்கிறாரே?

துரைசாணி போனபின் சுவரோரம் கவிழ்த்திருந்த மற்றப் பெஞ்சுகளும் வட்டமாக நின்றன.

ஓடியிருக்க வேண்டும். வழக்கமான இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளிகள் கத்தவில்லை.

க்ரீச்... எதிர் பெஞ்சு.

க்ரீச்... அதற்கடுத்தது.

ஆள் இல்லை. பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாக அமுங்கின.

என் பெஞ்சும் அமுங்கியது. வலது பக்கம். அவர் உட்காரும் பக்கம்.

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் எழுந்திருப்பதற்காக.

வார்த்தை தொண்டை வரை வந்தது... விழுங்கினேன்.

ஒன்பது மணி ரயில் ஊதியது.

என் வலது கையை ஒரு கை பிடித்தது.

ஈர மண். பிளந்த கட்டைவிரல் நகம்.

ஒரு குலுக்கல்.

விட்டது.

மறுநாள் நான் விழுப்புரம் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை, கோழைத்தனம். தாண்டவராயனுக்கு மூன்று மாதம் போட்டார்கள். இரண்டாவது மாதமே ஜெயிலில் வாந்திபேதி கண்டு போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று பந்தலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி பூமாலை என்னிடம் வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்ணே. அந்த ஞாயித்துக்கெழம லாக்கப்புக்குக் கேப்பைக் கூழு எடுத்துக்கினு போனேன். செவுத்துல சாஞ்சி, கண்ணை மூடிக்கினு குந்தியிருந்தாரு. கூப்ட்டா பேசல. ஒம்போது மணி ரயிலு ஊதிச்சி. பக்கத்துல ஆள் இருக்கறாப்பல கையை நீட்டிக் குலுக்கினாரு. போலீஸ்காரரே பயந்துட்டாரு."

நான் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"கையெல்லாம் ஈர மண்ணு. அங்க சிமிட்டித் தரை, மண்ணு ஏது? இன்னா இதுன்னு கேட்டேன். 'சுப்பராயலு எழுந்து நிப்பான்னு பாத்தேன், நிக்கல'ன்னாரு. நீங்க எங்க நிக்கலண்ணே?"

பந்தலில் ஊரே இருந்தது. கோதண்டபாணியும் இருந்தார். திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

க்ரீச்...

என் பெஞ்சு, வலது பக்கம், மெல்ல அமுங்கியது.

அப்போதும் நான் எழவில்லை.