குசினிக்கு வழுக்குகிற டைல்ஸ்

நான் சமைக்கிற குசினியின் சீமெந்துத் தரை வெடித்துப் பெயரத் தொடங்கியபோது, டைல்ஸ் பதிப்போம் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். ஒட்டுசுட்டானில் எங்கள் வீதியில் பல வீடுகளுக்கு டைல்ஸ் வந்துவிட்டது. எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்வதானால் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போரின் கடைசிச் சண்டையில் எனக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டிருக்கிறேன். சேலை கட்டி மெதுவாக நடந்தால் தெரியாதவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். கோயிலுக்கும் சந்தைக்கும் அப்படித்தான் போய்வருகிறேன். வெயில் காலத்தில் அதைப் பகல் முழுக்கப் போட்டிருக்க முடியாது, வியர்த்துப் புண்ணாகிவிடும். அதனால் வீட்டில் கழற்றிவிடுவேன். குசினிக்குள் நிலத்தில் இருந்தபடி, இரண்டு கையையும் ஊன்றி அரக்கி அரக்கித்தான் திரிவேன். அடுப்பும் உயரமில்லாத, பதிவான ஒரு பலகையில்தான் இருக்கிறது. வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் காலை எடுத்து மாட்டுவேன். நான் அரக்குவதை என் கணவர் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

டைல்ஸ் எடுக்க முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போனோம். உடையார்கட்டில் இருக்கும் என் மச்சாள், கணவரின் தங்கை, எங்களுக்கு முன்பே கடைக்கு வந்து நின்றாள். அவள் அண்மையில்தான் வீடு கட்டி முடித்திருந்தாள்.

"குசினிக்குக் கரடானதைத்தான் எடுக்கவேணும் மச்சாள். நான் மினுங்கிறதைப் போட்டிட்டு இப்ப படுற பாடு. தண்ணி பட்டா அவ்வளவுதான்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கடை காலுக்கும் அதுதான் நல்லது," என்றாள்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம், எல்லோருக்கும் நானா. அவரும் ஓம் என்றார். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். விரலால் தடவிப் பார்த்தேன். பூனையின் நாக்குப் போலச் சொரசொரத்தது. அதன்மேல் ஒருநாள் அரக்கினாலே உள்ளங்கைத் தோல் போய்விடும். வீட்டில் போடுகிற என் நீளச் சட்டைகளின் பின்பக்கம் ஒரு மாதம் தாங்காது.

"மினுங்கிறது வடிவாய் இருக்கு," என்றேன்.

"வடிவைப் பாத்து விழப்போறீங்களோ?" என்று மச்சாள் சிரித்தாள். நானாவும் சிரித்தார். பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் குளியலறைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேறு காரணம் ஒன்றும் வாயில் வரவில்லை. "சரி, கரட்டையே எடுப்பம்," என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"இல்லை நானா, வழுக்கிறதைக் காட்டுங்கோ. இவா வீட்டிலை காலைக் கழட்டிப்போட்டு நிலத்திலை அரக்கித்தான் திரியிறவா. கரடு கையைக் கிழிச்சுப்போடும்."

நிறம் பார்த்துக்கொண்டிருந்த பெண் என் சேலைக் கரையைப் பார்த்தாள், பிறகு அவசரமாகச் சுவரைப் பார்த்தாள். மச்சாளின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. என் முகம் நெருப்பாய் எரிந்தது. சனத்துக்கு நடுவில் என்னை நிலத்தில் இருத்தி அரக்க விட்டது போல இருந்தது.

நானா உள்ளே போய் வெளிர்மஞ்சள் டைல்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். "தங்கச்சி, தடவிப் பாருங்கோ," என்றார். உள்ளங்கை அதன்மேல் தடையில்லாமல் ஓடியது. எனக்கு வேண்டியது அதுதான். இரண்டு டைல்ஸ் சேருகிற இடத்தில் விளிம்பு குத்துமா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் யன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

"ஏன் அதைச் சொன்னனீங்கள்?"

"சொல்லாட்டில் கரட்டை எல்லே எடுத்திருப்பம்."

"எடுத்திருந்தால் நான் சமாளிச்சிருப்பன்."

"உம்மடை கை கிழியிறதை நானெல்லே பாக்கவேணும்," என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மனம் ஆறவில்லை.

டைல்ஸ் பதித்து முடிந்தது. விளிம்பு குத்தவில்லை. பழைய தரையைவிட இதில் அரக்குவது சுகம். வெயிலுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. சில நேரம், தனியாக இருக்கும்போது, கையை ஒருதரம் ஊன்றித் தள்ளி அடுப்படியிலிருந்து கதவடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன்.

போன மாதம் அப்படித் தனியாக இருந்தபோது மச்சாள் வந்துவிட்டாள். படலை திறந்தே கிடந்திருக்கிறது, சத்தம் கேட்கவில்லை. மடியில் வெங்காயச் சுளகோடு நான் நடு நிலத்தில் இருந்தேன். கால் அறைக்குள் கட்டிலடியில் கிடந்தது. குசினி வாசலில் நின்றவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீங்கள் ஆறுதலாய் வாங்கோ மச்சாள். நான் இஞ்ச நிக்கிறன்," என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நான் அரக்கி அரக்கி அறைக்குப் போனேன். புது டைல்ஸில் உள்ளங்கை பட்டுப் பட்டு எழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். காலை மாட்டி, சட்டையை இழுத்துச் சரிசெய்து வெளியே வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் நெல்லு விலையைப் பற்றிக் கதைத்தாள். அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.