அரபியில் எண்ணிய கைபேசி

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். உப்பளத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா என்னிடம் நீட்டி, "இதுல எங்கன நம்மள ஏமாத்தியிருக்கான்னு பாரு" என்பார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் புத்தியோடுதான் தூத்துக்குடியில் இணையப் பக்கங்கள் செய்யும் ஒரு சின்ன ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கீழவைப்பார் ஊர் கமிட்டிக்கு நாங்கள் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தோம். காற்று எப்படி, அலை எப்படி, மறுநாள் வள்ளம் இறக்கலாமா என்று சாயங்காலம் அதில் போடுவார்கள். மாதா கோயில் மைக்கில் அதை ஊருக்குச் சொல்வது ஒரு அக்கா. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவருக்குக் கண் தெரியாது. முன்பு கமிட்டியில் யாராவது போனில் சொல்வார்கள், கேட்டு மைக்கில் சொல்வார். பக்கம் வந்ததும், இனி கைபேசியே வாசித்துக் காட்டிவிடும் என்று அதை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் கமிட்டிச் செயலாளர் போன் போட்டார். "தம்பி, அந்தப் பொம்பள போன் அரபில பேசுதாம்லா! நம்புத மாதிரியா இருக்கு? எல்லாம் வேல செய்ய மடி. மைக்கு ரூம் சாவிய வாங்கி வச்சிட்டேன். வேற ஆளப் போட்டுர வேண்டியதுதான்."

எங்கள் முதலாளிக்கு வேறு சந்தேகம். "ஏலே, நம்ம தொழிலயே செய்யுத அந்தப் பழைய பஸ் ஸ்டாண்டுக்காரன் நம்ம பேரக் கெடுக்க ஆள் செட் பண்ணிருக்கான். போய்ப் பாத்துட்டு வா." பஸ்ஸில் போகும்போது எனக்கும் அது சரியென்றே பட்டது. தமிழ்ப் பக்கம் அரபி பேசுமா?

அக்கா வாசலிலேயே நிறுத்தினார். "செயலாளர் அனுப்புன ஆளா?"

"இல்லக்கா, பக்கம் செஞ்ச ஆபீசு."

"ரெண்டும் ஒண்ணுதான். அவன் மருமவளுக்கு மைக்கு வேணும். அதான் எனக்கு மட்டும் பேசாத பக்கமாப் பாத்துச் செஞ்சு குடுத்திருக்கிய."

அதற்குள் செயலாளரும் வந்து சேர்ந்தார். அக்கா முதலில் ஏதோ செய்திப் பக்கத்தைத் திறந்தார். கைபேசி நல்ல தமிழில் வாசித்தது. அடுத்து எங்கள் பக்கம். சத்தமே இல்லை. பிறகு ஒரு ஆண் குரல் அரபியில் ஏதோ ஒரு எண் சொன்னது. மறுபடி மௌனம். இன்னொரு எண்.

"துபாய்க்கு வேலைக்குப் போவப் போறியோ?" என்று செயலாளர் சிரித்தார்.

"மாதாவே, சிரிக்கான் பாரு. தம்பி, இதக் கேட்டுட்டு நான் மைக்குல என்னத்தச் சொல்ல? வள்ளத்த எறக்கவா, ஏத்தவா?"

வேறு பக்கம் தமிழில் பேசுகிறது. அப்படியானால் கோளாறு போனில் இல்லை. மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் ஆபீசில் எந்தப் பக்கத்தையும் புதிதாகச் செய்வதில்லை. பழையதை நகலெடுத்து உள்ளே இருப்பதை மாற்றுவோம். இது காயல்பட்டினத்து அத்தர் கடை ஒன்றின் வளைகுடா வாடிக்கையாளர்களுக்காக முதலாளி செய்த அரபிப் பக்கத்தின் நகல். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இது இன்ன மொழி' என்று ஒரு குறிப்பு இருக்கும். திரையில் தெரியாது. பார்வையற்றவர்களின் கைபேசி அதை நம்பித்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும். வலமிருந்து ஓடிய எழுத்தை முதலாளி திருப்பிவிட்டிருந்தார். அது கண்ணில் பட்டது. இந்தக் குறிப்பு படவில்லை, இன்னும் 'அரபி' என்றே இருந்தது. அரபிக் குரல் தனக்குத் தெரியாத தமிழ் எழுத்தையெல்லாம் தாண்டித் தாண்டி எண்களை மட்டும் பொறுக்கிச் சொல்லியிருக்கிறது.

தமிழ் என்று மாற்றி ஏற்றினேன். "இப்பத் தொறங்கக்கா."

"தென்மேற்குக் காற்று பலமாக வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்," என்றது கைபேசி, பெண் குரலில்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"என்னத்த மாத்துன?"

"மொழி பேர மட்டுந்தான்க்கா."

"அங்கன எழுதியிருக்கதத்தான் இது வாசிக்குன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

நான் வாசிக்க ஆரம்பித்தேன். "நீ வேண்டாம். அவனும் வேண்டாம்." பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏளா, உன் போன எடுத்துட்டு இங்கன வா!"

மீன் செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள் ஒருத்தி. கைபேசி ஒரு வரி சொல்ல, அவள் அதே வரியைத் தன் திரையில் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். அடுத்த வரி. அதற்கடுத்தது. செயலாளர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை.

"நாளைக்குப் பேசலேன்னா?" என்று என்னிடம் கேட்டார் அக்கா.

என் எண்ணைக் கொடுத்தேன். அங்கேயே அழைத்துப் பார்த்தார். என் சட்டைப் பையில் மணி அடித்த பிறகுதான் வைத்தார்.

பிறகு செயலாளர் நின்ற பக்கமாகக் கையை நீட்டினார். "மைக்கு ரூம் சாவி, அண்ணாச்சி."

அவர் கொடுத்த சாவியின் பற்களை அக்கா விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் இருந்த இடத்திலேயே நின்றோம். சற்று நேரத்தில் மைக் கரகரத்தது.

"கச்சான் காத்து பலமா இருக்கு. நாளைக்கு ஒருத்தரும் வள்ளத்த எறக்காதிய. சொல்லிட்டேன்."