வெள்ளிக்கிழமை மட்டும் படுத்துவிடும் கார்

என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெள்ளிக்கிழமை காலைகளில் மட்டும் படுத்துவிடும். ஈப்போவில் கிளம்பி சிம்பாங் பூலாய் போவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். மதியம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இக்னிஷன் காயில், பிளக், வயர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை நடுவழியில் பானட்டைத் திறந்தேன். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஈரம் காயாத சந்தனம், நடுவில் குங்குமம். மின்சாரம் அந்த ஈரத்தில்தான் கசிந்திருக்கிறது; மதியத்துக்குள் இன்ஜின் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும் போல. துடைத்ததும் ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். “பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கலையா?”

“வண்டிக்கு உயிரே அதுலதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க நடுவழியில நிக்கக்கூடாதுன்னுதான் லா வாராவாரம் வெச்சேன்.”