கொல்லிமலை ரிலேயும் இரண்டாவது குரூப்பும்

மார்ச்சில் கொல்லிமலையில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்தேன். அதே வேலைக்கு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, மறுபடி போக வேண்டியதாயிற்று. அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் பஸ் விவரம் மட்டும்தான் உதவும். ரிலே வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கப் படியுங்கள்.

நாமக்கல்லில் காலை 6.10க்கு பஸ். செம்மேடு வரை 58 ரூபாய். பக்கத்து சீட்டுக்காரர் சேந்தமங்கலத்தில் இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த சீட்டில் என் லேப்டாப் பைதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், எண்ணாதீர்கள், குமட்டும். முன் சீட்டு ஜோடி தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். அதோடு சரி. 9 மணிக்குச் செம்மேடு. அங்கிருந்து ஆலைக்கு 4 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150.

"தனியாவா சுத்திப் பாக்க வந்தீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"வேலைக்கு."

"அதானே பாத்தேன். மூஞ்சியே சொல்லுதுங்க."

அது மிளகு உலர்த்தும் ஆலை. காற்று ஊதும் பெரிய புளோயர் இரண்டு. மின்சாரம் அளவு மீறினால் லைனை வெட்டிவிடும் பெட்டிதான் ரிலே. புளோயர் கிளம்பும்போது சில நாள் அது வெட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் மல்லிகாக்கா இதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதிக்காரர். ஒற்றை ஆளாக பேனல் ரூமில் இருப்பவர்.

"இந்தத் தடவயும் மூணு மணி பஸ்ஸுக்கு ஓடிருவீங்களா சார்?"

லேப்டாப்பை எடுத்து ரிலேயில் கேபிளைச் சொருகினேன்.

"ரெண்டு மிஷினையும் நான் ஒண்ணாப் போடறதாலதான் நிக்குதாம். மேனேஜர் சொல்றாருங்க. திங்கக்கிழமையிலிருந்து எனக்குப் பதிலா வேற ஆளாம்." பதிவேட்டைத் தள்ளினார். மார்ச்சுக்குப் பிறகு புளோயர் இருபத்து மூன்று முறை நின்றிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதி வைத்திருந்தார்.

ரிலேயின் முகப்பு மெனு கடைசித் தடவையை மட்டும்தான் காட்டும். முழு வரலாறு வேண்டுமென்றால் சீரியல் கேபிள் வழியாக லேப்டாப்பிலிருந்து கட்டளை தட்ட வேண்டும். தட்டினேன், வரிவரியாக வந்தது. காலையிலிருந்து நான் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னது அந்தக் கறுப்புத் திரை ஒன்றுதான். இருபத்து மூன்று வரியிலும் ஒரு புளோயர் கிளம்பும் அளவுக்குத்தான் மின்சாரம். அக்கா இரண்டையும் சேர்த்துப் போடவேயில்லை.

பிறகு எந்தக் குரூப் ஓடுகிறது என்று கேட்டேன். '2' என்றது.

விளக்கிவிடுகிறேன். எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதைப் பதிந்து வைக்க இந்த ரிலேயில் இரண்டு செட்டிங் குரூப் உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். மெனுவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒன்றாவது குரூப். மார்ச்சில் பட்டன்களை அமுக்கி அதில் அளவை உயர்த்தினேன், சேமித்தேன். புளோயரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமலே பஸ்ஸுக்கு ஓடினேன். ரிலே அன்றைக்கும் இரண்டாவதில்தான் இருந்தது.

இரண்டாவது குரூப்பைத் திருத்த ஆறு நிமிடம் ஆனது. "சரிபண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை வேறு ஆள் வந்திருப்பார்.

ரூமில் சிக்னல் இல்லை, அங்கிருந்த லேண்ட்லைனில் அழைப்பு வரும், வெளியே போகாது. ரோட்டு வளைவு வரை நடந்து மேனேஜரை அழைத்தேன்.

"அப்ப அந்தம்மா மேல தப்பில்லைங்கறீங்களா?"

"இல்லைங்க. என் தப்பு. மார்ச்ல தப்பான குரூப்ல மாத்திட்டேன்."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க." லைன் போய்விட்டது.

பதிவேட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். அக்கா எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார்.

"கையெழுத்துப் புரியலீங்க சார். கீழ பேரையும் எழுதுங்க."

எழுதினேன். நன்றி எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு புளோயரையும் மும்மூன்று தடவை நிறுத்திக் கிளப்பினோம். ரிலே வெட்டவில்லை. மூன்று மணி பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸுக்காக ஐந்தரை வரை செம்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். மிளகு மூட்டை ஏற்றியவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்கு: உங்கள் லேப்டாப்புக்கு ஒத்துவரும் சீரியல் கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள், மலையில் கிடைக்காது. மெனு காட்டுவதை நம்பி அளவை மாற்றாதீர்கள். எந்தக் குரூப் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள். ஒருத்தர் மேல் பழி விழுந்திருந்தால், அவர் எழுதி வைத்ததை ரிலேயின் வரலாற்றோடு ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

திங்கட்கிழமை காலை பேனல் ரூம் லேண்ட்லைனுக்கு அடித்தேன். யார் எடுப்பார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது.

"ஏனுங்க, யாரு?" மல்லிகாக்கா குரல். பேரைச் சொன்னேன்.

"ரெண்டும் ஓடுதுங்க சார்," என்று வைத்துவிட்டார்.