பின் சீற்றில் வான் அன்ரி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் வாசலில் பள்ளி வானின் ஹோர்ன் கேட்டதும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் வெளியே போனேன். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை; பள்ளிக்கூடம் இல்லை. என் மகள் றுமானா குப்புறப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"லோஜினி! இண்டைக்கிப் போயா புள்ள!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பின்னால் திரும்பி வெறும் சீற்றுகளைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

லோஜினி சாம்பல்தீவுக்காரி, பிள்ளைகளுக்கு வான் அன்ரி. இக்பால் நகரிலிருந்தும் வழியில் உள்ள ஊர்களிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருகோணமலை டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வருவாள். ஒரு பெண் பள்ளி வான் ஓட்டுவதா என்று தொடக்கத்தில் ஊரே மூக்கில் விரல் வைத்தது. இப்போது அவளுடைய வானில் இடம் கிடைக்காதா என்று அதே ஊர் காத்து நிற்கிறது. பிள்ளைகள் இறங்கிய பிறகு ஒவ்வொரு சீற்றையும் கையால் தடவிப் பார்க்காமல் அவள் வானை எடுக்கமாட்டாள். பின் சீற்றில் சின்னதுகள் சுருண்டு உறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பிள்ளையை நம்பி ஒப்படைத்தது அந்தக் கைக்காகத்தான்.

ஆனால் அந்த வான் அவளுடைய வேலைகளில் ஒன்றுதான். கணவன் தர்சனுக்குக் கட்டாரில் வேலை. அவனுடைய தாய், மாமி குணேஸ்வரி, பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை. மகன் கிருஷாந்துக்கு அந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை, மகள் கீர்த்தனி அவனுக்கு இளையவள். மாமியைக் குளிப்பாட்டி, சமைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோய், பின்னேரம் டியூஷன் பிள்ளைகளையும் ஏற்றி இறக்க வேண்டும். போதாததற்கு, டவுனுக்குப் போகிறாள்தானே என்று ஆளாளுக்கு வேலை சொல்வார்கள். ஒருத்திக்குத் தைத்த சட்டையை எடுத்துவர வேண்டும். இன்னொருவருக்கு மருந்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "ஓம்."

அந்த "ஓம்" அவளை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் சாம்பல்தீவுப் பாலத்தில், வான் நிறையப் பிள்ளைகள் இருக்க, நெஞ்சை அடைத்துக் கை உதறத் தொடங்கியிருக்கிறது. எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டாள். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, மன அழுத்தம், ஓய்வு எடுங்கள் என்றாராம் டாக்டர். நல்ல ஆலோசனைதான். ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளோடு இருக்கையில் இன்னொரு தடவை கை உதறினால் என்ன செய்வது என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. வானை விற்பது என்று முடிவெடுத்தாள். பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வான் அது. அண்ணன் சின்னராசா தம்பலகாமத்தில் ஆள் பார்த்துவிட்டார். வாங்குகிறவர் வந்து பார்ப்பதாகச் சொன்னது இந்தப் போயா நாளில்தான்.

"பிள்ளையள் நேற்றே லீவு எண்டு சொல்லியிருப்பினம் அக்கா. நான் காதில விழாமலே ஓம் எண்டிருப்பன். வான் பாக்க ஆள் வாற நாள் எண்டதையும் மறந்திட்டன்," என்று முகத்தைத் துடைத்தாள். "இந்த மூளையோட நான் எப்பிடிப் பிள்ளையள ஏத்திறது? விக்கிறதுதான் சரி."

"இப்ப வீட்ட போகப் போறியா?"

கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் நித்திரை. எழும்பினாலும் நான் ஏதோ ஒரு வேலையாப் போட்டன் எண்டு நினைப்பினம். அந்த ஆள் வாறதுக்கும் நேரம் கிடக்கு." கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்கோ அக்கா. கடலடிக்குப் போவம்."

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஏறினேன். உட்துறைமுக வீதியில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு மர நிழலில் வானை நிறுத்தினாள். இறங்கி, பின்கதவைத் திறந்து, பிள்ளைகள் உறங்கும் அந்தக் கடைசிச் சீற்றில் போய் அமர்ந்தாள்.

"இவ்வளவு காலத்தில நான் இதில இருந்து பாக்கேல்லை," என்றாள். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வருமுன் உறங்கிப்போனாள்.

பக்கத்தில் இருந்த என் மடியில், அவள் கையிலிருந்து நழுவிய போன் கிடந்தது. சும்மா கிடந்ததா அது! சட்டை கேட்டு ஒருத்தி, டியூஷன் உண்டா என்று ஒருத்தி. எடுத்து எடுத்துப் பதில் சொன்னேன். என் குரலைக் கேட்டவர்கள் மறுபடி அழைக்கவில்லை. பிறகு கிருஷாந்த் அழைத்தான்.

"அம்மா எங்க?"

"நித்திர கொள்றா. உன்ட அப்பம்மாவ யார் பார்க்கிற?"

"நான்தான். குளிப்பாட்டி மருந்து குடுத்திட்டன். தங்கச்சி சோறு வடிச்சிட்டா," என்றவன் சற்றுப் பொறுத்து, "அம்மாவ எழுப்பாதேங்கோ," என்றான்.

டவுனுக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து வான் கதவை முகர்ந்துவிட்டுப் போனது. வெயில் ஏறியது. லோஜினி வாயைத் திறந்துகொண்டு உறங்கினாள். அவளைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எத்தனை பிள்ளைகளை எத்தனை வருடமாகப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், தன்னை மட்டும் எங்கோ வழியில் இறக்கி விட்டுவிட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஐயோ, மாமிக்கு மருந்து!"

"உன்ட மகன் குடுத்திட்டான்."

"குளிப்பு? சோறு?"

"எல்லாம் முடிஞ்சி."

மகிழ்வாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கிப்போய், "அப்ப நான் இல்லாமலும் நடக்குதோ?" என்றாள்.

"நடக்குது. நீதான் விடல்ல."

கலைந்த தலையை அள்ளி முடிந்தபடி, "அப்ப பாரம் வான் இல்லை அக்கா," என்றாள். போன் அடித்தது. சின்னராசா. தம்பலகாமத்து ஆள் வந்து காத்துக் காத்துக் களைத்துவிட்டாராம், வான் எங்கே என்று கத்தினார். லோஜினி போனை வாங்கினாள். அவள் கையைத்தான் நான் பார்த்தேன். உதறவில்லை.

"அண்ணை, அவருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ. வான் விக்கிறதுக்கில்லை."

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். இப்போதும் சில நாள் அவளுக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் காலைக் குளிப்பாட்டல் மகனுடையது, சோறு மகளுடையது. அவள் அவற்றைத் திரும்பக் கேட்கவே இல்லை. பிள்ளைகளை இறக்கி, சீற்றுகளைத் தடவிப் பார்த்ததும், நேரே அந்த மர நிழலுக்குப் போவாள். போனை அணைத்துவிட்டுப் பின் சீற்றில் அமர்ந்து காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். முன்பெல்லாம் அந்தச் சாப்பாடு கட்டியபடியே வீட்டுக்குத் திரும்பிவரும்.

போன கிழமை நான் ஒரு வேலையாக டவுனுக்குப் போயிருந்தேன். வெயிலில் சுமக்க அலுத்து, சாமான் பையை வீட்டில் போட்டுவிடச் சொல்லலாம் என்று வான் கண்ணாடியைத் தட்டினேன். கடைசிச் சீற்றில் காலை நீட்டியபடி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், என்னையும் பையையும் பார்த்து நன்றாகச் சிரித்தாள்.

"ட்ரைவர் இன்னும் வரேல்லை அக்கா," என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கை வலித்தது. கோபம் மட்டும் வரவே இல்லை.