நாய்க்குத் துக்கம் என்றார்கள்

என் வீட்டுக்காரர் போனபோது ஊரே சேர்ந்து ஆறுதல் சொன்னது எங்கள் நாய்க்குத்தான். மிகையாகச் சொல்லவில்லை. வருகிறவர்கள் முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிப்பார்கள். என் கண்ணில் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் கையை விட்டுவிட்டு, ஹாலில் டைல்ஸ் தரையில் கிடக்கும் நாயிடம் போய்விடுவார்கள். "வாயில்லா ஜீவன், இன்னா பாசம் பாரு" என்று அதன் தலையைத் தடவுவார்கள். அது கண்ணை மட்டும் தூக்கிப் பார்க்கும்.

எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? வைத்துக்கொண்டா வஞ்சகம் செய்தேன்? காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, டீ போட்டு, ஹாலில் மெத்தையில் படுத்திருந்தவரை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. நாய் அவர் கால்மாட்டில் அதே மெத்தையில் படுத்திருந்தது. அன்றைக்கு மரத்துப்போனதுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க. கம்பெனிக்குக்கூட நான் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுத் தம்பிதான் போன் பண்ணிச் சொன்னான்.

காரியம் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். ஒரகடம் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. நின்றுகொண்டே டேப் சுற்றுகிற வேலை. சூப்பர்வைசர், "இன்னும் நாலு நாள் லீவு எடுத்துக்கம்மா" என்றார். வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பது? எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவரும் நானும் அந்த நாயும்தான். பஸ் ஸ்டாப்பில் குட்டியாகக் கிடந்ததை அவர்தான் யூனிபார்ம் சட்டைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி நாட்டு நாய், மீதி எதுவோ. இப்போது அதற்குக் கிழ வயது.

நான் வேலைக்குப் போனது என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அக்கா. வாலாஜாபாத்தில் இருக்கிறார். வாரம் தவறாமல் ஒரு தூக்குச்சட்டி நிறைய பிரியாணி கொண்டுவருவார். எனக்கில்லை, நாய்க்கு. "எந்தம்பி போனதுலேர்ந்து அது எழுந்துக்கவே இல்ல பாரு. நாய்க்குக் கீற பாசம்கூட சில பேருக்கு இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பிறகு, "தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று மூக்கைச் சிந்துவார். அவர் சதை ஆடியது உண்மைதான், நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும். அதுகூட ஒழுங்காக வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அவர் மட்டுமா? தெருவே அதற்குத் தீனி போட்டது. ஒருத்தர் பிஸ்கட், ஒருத்தர் எலும்பு. துக்கத்தில் இருக்கிற நாய் என்பதால் படுத்த இடத்துக்கே எல்லாம் வந்தது. இரண்டே மாதத்தில் அண்டா மாதிரி ஆனது. முதலில் தட்டுத்தடுமாறி வாசல்வரை போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்று, படுத்த இடத்திலேயே போனது. நான் ஷிப்ட் முடிந்து வந்து துடைப்பேன்.

அப்போதுதான் நாத்தனார் அந்தப் பேச்சை எடுத்தார். "அது அவங்கிட்டப் போவணும்னு கீது. இன்னாத்துக்குப் புடிச்சி வச்சிகினுகீற? எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கீறாரு. ஊசி போட்டா நோவாம பூடும். ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனபின் ஹாலில் நின்று அதைப் பார்த்தேன். இன்னொரு முறை இந்த வாசல் வழியாக ஒரு உடம்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள், நான் இதே மாதிரி மரம் போல நிற்பேன். அது மட்டும் கூடாது என்று தோன்றியது. இத்தனை நாளில் எனக்குத் தோன்றிய ஒரே விஷயம் அதுதான்.

அடியில் ஈரமாக இருந்ததால் துண்டை அதன் இடுப்புக்குக் கீழே விட்டுத் தூக்கினேன். வீல் என்று கத்தி என் கையைக் கவ்வ வந்தது. அதன் ஆயுளில் அது என்னைப் பார்த்து உறுமியதில்லை. கையை உதறிக்கொண்டு நின்றேன். துக்கத்தைத் தொட்டால் இப்படியா கத்தும்?

பக்கத்து வீட்டுத் தம்பி குட்டி யானை ஓட்டுகிறான். கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்றுகிற வண்டி. "அக்கா, ரிட்டன் காலியாத்தான் போறேன், ஏத்து" என்றான். இரண்டு பேரும் போர்வையோடு தூக்கி ஏற்றி, மறைமலை நகர் பக்கம் இருக்கிற ஒரு நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். வழியெல்லாம் பின்னால் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடி கனத்தது. வேறெதுவும் தெரியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டு, "முதலாளி செத்த ஏக்கம் டாக்டர், அதான் எழுந்துக்க மாட்டேங்குது" என்றான். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, பின்னங்கால்களை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். நாய் மறுபடி கத்தியது. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாள்.

"ஏக்கம் இருக்கலாம்மா. ஆனா இது எழுந்திரிக்காதது அதனால இல்ல. இடுப்பு மூட்டு தேஞ்சுருக்கு, முட்டியும் வீங்கியிருக்கு. இது ரொம்ப நாளா வலியோட இருந்திருக்கு."

ரொம்ப நாளாக. சுற்றி நின்று நாங்கள் பாசத்தை மெச்சிக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் கேட்டாள்: "எங்க படுக்கும்?"

"அவரோட மெத்தையில" என்றேன்.

"இப்பவுமா?"

இப்போது மெத்தை ஏது? உடம்பை எடுத்த கையோடு, அவர் படுத்த மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுருட்டிக் கொண்டுபோய்ச் சுடுகாட்டு ஓரம் போட்டுவிட்டு வந்தார்கள். போனவர் படுத்த படுக்கையை வீட்டில் வைக்கக்கூடாது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அது நாயின் படுக்கையும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு வீட்டைக் கழுவிவிட்ட ஈரத் தரையிலேயே அது படுத்தது. எழுந்திருக்கப் பார்த்தால் டைல்ஸில் கால் வழுக்கும். மறுபடி படுத்துவிடும். அதைத்தான் துக்கம் என்று சொல்லிவிட்டோம்.

அதைச் சொன்னதும் டாக்டர் வலிக்குக் கொஞ்ச நாளைக்கு மருந்து எழுதினாள். மூட்டுக்குத் தனியாக ஒரு மாத்திரை. மென்று தின்பது, மீன் வாடை அடிக்கும். "இத போட்டவுடனே ஓடும்னு நெனைக்காதீங்க. மாசக்கணக்காகும். சில நாய்க்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. மாத்திரை மட்டும் போதாது, எடை குறையணும், மெத்துனு படுக்கணும், தரை வழுக்கக்கூடாது. மனுஷங்க போடுற வலி மாத்திரைய மட்டும் குடுத்துடாதீங்க, ஈரல் போயிடும்."

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அண்ணி, ஞாயித்துக்கெழம யாரையும் கூட்டினு வராதீங்க. அதுக்கு இடுப்பு எலும்பு தேஞ்சிகீது. மாத்திர குடுத்துகீறாங்க, ஒரு மாசம் பொறுங்க. பிரியாணியும் வேணாம்." "நாய்க்கு மாத்திரையா! நல்லா கீதுடி உன் கத. ஒரு மாசம் பாக்குறேன், அப்பவும் படுத்தேதான் கீதுன்னா நான் சொல்றத நீ கேளு" என்று வைத்துவிட்டார்.

கம்பெனியில் நாங்கள் நின்று வேலை செய்கிற லைனில் கால் வலிக்காமலிருக்கக் கீழே தடியாக ரப்பர் பாய் போட்டிருப்பார்கள். தேய்ந்துபோனது ஒரகடம் ஸ்கிராப் கடையில் கிடைக்கும். அதை வாங்கி ஹாலிலிருந்து வாசல்வரை விரித்தேன். வீடு கம்பெனி மாதிரி ஆனது. மேலே ஒரு புது மெத்தை. கேட்டில் நின்று எலும்போடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். "பாவம்மா அது" என்றார்கள். "பாவம்தான், அதனாலதான்" என்றேன். மாத்திரையை முதல் நாள் துப்பியது. ஒரு கவளம் சாதத்தில் பொதிந்து கொடுத்தேன். சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை அழகாக ஓரத்தில் வைத்தது. "கொழுப்புடா உனக்கு" என்று தாடையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். போகப் போக வாடை பிடித்துப்போய்த் தானே கேட்டது.

வலி மருந்தை டாக்டர் குறைத்த பிறகும் அது கத்தவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. ஒவ்வொரு ஷிப்டும் முடிந்து கதவைத் திறக்கும்போது முதலில் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பேன். சொன்ன மாதம் முடியப் போனது.

நாத்தனார் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா, எழுந்துச்சா உன் நோயாளி?" என்றார். அந்தக் குரலுக்கா, வேறு எதற்கா தெரியாது, அது முன்னங்காலை ஊன்றியது. பின்பக்கம் நடுங்கியது. ரப்பரில் நகம் பிடித்துக்கொள்ள, எழுந்து நின்றது.

என் கை வாயைப் பொத்திக்கொண்டது. சிரிப்பை மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி, அதுக்குள்ள அவன மறந்து..." என்று ஆரம்பித்தார்.

நாய் அவரைக் கடந்து படுக்கையறைக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் மோந்து பார்த்தது. வெளியே வந்து பாத்ரூம் கதவை மூக்கால் முட்டியது. திறந்துவிட்டேன். உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பி, நொண்டிக்கொண்டே பின்பக்கம் போனது. அங்கே அவர் பைக் நின்றிருந்தது. கவரைத் தூக்கினேன். சீட்டை மோந்தது, ஹேண்டிலை அண்ணாந்து பார்த்தது. அங்கிருந்து வாசலுக்கு. கேட்டின் கம்பிக்கு நடுவே மூக்கை விட்டு அவருடைய கம்பெனி பஸ் வரும் பக்கம் பார்த்தது. அவர் போனதிலிருந்து அது இப்போதுதான் தேடுகிறது. இத்தனை நாள் தேடக் கால் இல்லை. எனக்குக் கால் இருந்தது. நான் ஒரு கதவையும் திறந்து பார்த்ததில்லை.

நாத்தனார் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அது ஹாலுக்குத் திரும்பி வந்து, பழைய மெத்தை கிடந்த மூலையில் நின்று என்னைப் பார்த்தது. வாலை ஒரு தடவை ஆட்டியது.

"இல்லடா" என்றேன். "செத்துட்டாருடா. வரமாட்டாரு."

அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் காதில் என் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அது புரிந்துகொண்டதா என்ன? பீரோவுக்குப் பின்னால் மட்டும் பார்க்கவில்லை என்று நினைத்ததோ என்னவோ, மெதுவாகப் போய் அங்கேயும் எட்டிப் பார்த்தது. நான் அந்த ரப்பர் பாயிலேயே உட்கார்ந்து அழுதேன்.